பட்டாம்பூச்சி மறியல்

முதலாவது, தோட்டத்து லயன் வீடுகளின் கூரை ஒழுகுகிறது என்றோம். ஒழுகாத மூலையில் படுங்கள் என்றார்கள். இரண்டாவது, கையெழுத்துப் போட்ட கூலி உயர்வைக் கேட்டோம். அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது, வேலையை நிறுத்தினோம். வடக்கிலிருந்து லாரியில் ஆள் இறக்கிக் கொழுந்து எடுத்தார்கள், நம் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மலையிறங்கிப் போனார்கள். நான்காவது, அந்த லாரியில் வந்தவர்களே இன்று நம் சங்கத்தில் இடம் கேட்கிறார்கள்.

சன்னாசி எந்தக் கூட்டத்திலும் இந்த நான்கையும் இதே வரிசையில்தான் சொல்வார். நடுவில் யாராவது இருமினால் முதலாவதிலிருந்து மறுபடியும் தொடங்குவார். அதனால் தேயிலைத் தோட்டத்துச் சங்கக் கூட்டத்தில் இருமலை எல்லோரும் அடக்கிக்கொள்வார்கள்.

நான்காவது மட்டும் புதிது. இடம் கேட்டவள் எத்வாரி, ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். கொழுந்து வெட்டும் மிஷினில் இரண்டு விரல்களை இழந்திருந்தாள். நஷ்டஈடு கேட்டாள். திங்கட்கிழமை லாரியில் குடும்பத்தோடு ஊருக்குப் போகலாம் என்றது ஆபீஸ். சங்கத்து ஆளாக இருந்தால்தான் அவளுக்காகச் சங்கம் ஆபீஸ் படியேற முடியும்.

சங்கத்தில் சேர ஒரே வழிதான் உண்டு. மூத்த உறுப்பினர் எழுந்து, புது ஆளின் பெயரைக் கூட்டத்தின் முன்னால் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும். கூட்டம் "கேட்டோம்" என்று சொல்ல வேண்டும். பெயர் தப்பினால் செல்லாது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் மிச்சமிருந்த மூத்தவர் சன்னாசி ஒருவர்தான். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

எத்வாரியின் குலப்பெயர் குஜூர். தோட்டத்தின் நாக்கு அதைக் கொசுறு ஆக்கிவிட்டது. ஆபீஸும் கொசுறு என்றது, சங்கமும் கொசுறு என்றது. காய்கறி வாங்கினால் ஓரமாகப் போடும் கறிவேப்பிலையைச் சொல்வது போல.

வெள்ளிக்கிழமை சன்னாசி தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் போவார். ரெபேக்காள் டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. ஆனாலும் அங்கே அவர்தான் சீடர்.

"நான் மைக் வெச்சுப் பேசுறேன், தூங்குறானுங்க. நீங்க மைக் இல்லாம இத்தனை வாலையும் உக்கார வைக்கிறீங்க. அந்த வித்தை எனக்கு வேணும்" என்று கேட்டு, கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்.

அன்று பெஞ்சுகள் எல்லாம் வராந்தாவில் கிடந்தன.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க தலைவரே."

"நம்ம எடத்தப் புடிச்சவங்களுக்கு நம்ம சங்கத்துல எடமா?"

"யாரோட எடம்?"

"திருப்பூர் போன நம்ம பிள்ளைங்க எடம். அவங்க திரும்பி வருவாங்க. வர்ற வரைக்கும் அதை நான் காத்து நிப்பேன்."

டீச்சர் அவர் உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார்.

"றெக்கை இருக்கா?"

"என்னது?"

"இன்னைக்குப் பட்டாம்பூச்சிப் பாடம். வேடிக்கை பாக்க எடமில்ல. பறக்கறவங்களுக்குத்தான் எடம்."

சன்னாசி தோளிலிருந்த சிவப்புத் துண்டை விரித்து முதுகில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மேற்குச் சுவர் நம் மலை. கிழக்குச் சுவர் தூரத்துச் சின்ன மலை. நடுவில் சமவெளி. டீச்சரின் கையில் காய்ந்த கிலுகிலுப்பைக் காய்க் கொத்து. அதைக் குலுக்கினால் தென்மேற்கு மழை. மழை தொடங்கினால் பட்டாம்பூச்சிகள் இந்த மலையை விட்டுக் கிழக்கே பறக்க வேண்டும். வழியில் கரிச்சான் குருவி உண்டு, லாரி உண்டு. தொட்டுவிட்டால் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே உட்கார வேண்டும். கிழக்குச் சுவரோரம் சில பிள்ளைகள் சுருண்டு படுத்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு கொடி, பறித்து வந்து கட்டியது, பால் சொட்டிக்கொண்டிருந்தது.

கிலுகிலுப்பை குலுங்கியது. வகுப்பு பறந்தது.

லாரியாக இருந்த அருள்தாஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். இரண்டு பேர் விழுந்தார்கள். மூன்றாவது ஆளை நோக்கி அவன் திரும்பியபோது, சன்னாசி சமவெளியின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"லாரி போகாது! போகவும் விடமாட்டோம்!"

விழுந்து கிடந்த இரண்டு பேரும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அருள்தாஸுக்கு அழுகை வந்துவிட்டது.

"டீச்சர், பட்டாம்பூச்சி மறியல் பண்ணுமா?"

"எல்லாம் பண்ணாது. இது பண்ணும்" என்றார் டீச்சர். "தலைவரே, மத்ததெல்லாம் போயிருச்சு. எந்திரிங்க, மழை வலுக்குது."

சன்னாசி எழுந்து, மூச்சு வாங்க, கிழக்குச் சுவரைத் தொட்டார். "ஜெயிச்சாச்சு. இப்ப திரும்பணுமா?"

"இல்ல தலைவரே. இப்ப நீங்க சாகணும்."

வகுப்பு சிரித்தது. சன்னாசி சிரிக்கவில்லை.

"நான்தானே போனேன்? நான்தானே திரும்பி வரணும்?"

"போற பூச்சி இந்தப் பால்கொடியில முட்டை வெச்சிட்டுச் செத்துரும். அதோட பிள்ளைதான் திரும்பி வரும். உங்க புளியங்கொட்டைதான் முட்டை. கீழ படுத்திருக்கிற ஒரு ஆள் கையில அதைக் குடுங்க, காதுல உங்க பேரைச் சொல்லுங்க, றெக்கையைப் போத்தி விடுங்க. அப்புறம் கண்ணை மூடி உக்காருங்க."

மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே கொட்டை வாங்கி எழுந்து நின்றிருந்தார்கள். கொடிக்குக் கீழே மீதியிருந்தது ஒரே ஒருத்தி. எத்வாரியின் மகள் சுகமணி.

சன்னாசி கையை மூடிக்கொண்டார்.

"வேற பிள்ளை இல்லையா டீச்சர்?"

டீச்சர் கிலுகிலுப்பையைக் குலுக்கினார்.

சுகமணி படுத்தபடியே கையை நீட்டினாள். "குடு தாத்தா. கரிச்சான் வருது."

"தலைவரப் போய் 'குடு'ங்கிறா!" என்றான் அருள்தாஸ். "ஏய் கொசுறு, குடுங்கன்னு சொல்லு!"

"கொசுறு இல்ல" என்றாள் அவள். அவனிடம் சொல்லவில்லை. சன்னாசியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "குஜூர்."

"அப்படின்னா?"

"கொடி. எங்க ஊர்ல ஒரு கொடி பேரு." தலைக்கு மேலே தொங்கியதைக் காட்டினாள். "இது இல்ல. வேற."

சன்னாசி அந்தக் கொடியை ஒரு முறை பார்த்தார். மழையாகக் குலுங்கிய கிலுகிலுப்பை ஓய்ந்துவிட்டது. வகுப்பே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, கொட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"உம் பேரு?" என்று காதைக் கொடுத்தாள் அவள்.

தலைவர், தலைவர் என்றே எல்லோரும் கூப்பிட்டு, அந்தப் பெயரை யாரும் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். பிறகு துண்டை அவள் முதுகில் போட்டு, அவிழாமல் கழுத்தில் ஒரு முடிச்சும் போட்டுவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார்.

"மழை விட்டாச்சு" என்றார் டீச்சர். "வீட்டுக்குப் போகலாம்."

காலடிகள் மேற்கே ஓடின. லாரி அலறியது. சன்னாசி ஒரு கண்ணைத் திறக்கப் பார்த்தார்.

"செத்தவங்க பாக்கக் கூடாது தாத்தா" என்று பக்கத்தில் செத்துக் கிடந்த யாரோ சொன்னார்கள்.

மேற்குச் சுவரிலிருந்து டீச்சரின் குரல் ஒவ்வொருவரையும் கேட்டது: "யார் வர்றது?" ஒவ்வொரு பிள்ளையும் தன் காதில் விழுந்த பெயரைச் சொன்னது.

"யார் வர்றது?"

"சன்னாசி வர்றேன்!" என்றாள் சுகமணி.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சன்னாசி கண்ணைத் திறக்கவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் பெஞ்சுகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். சுகமணி துண்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாள். கொட்டையைத் தரவில்லை.

"டீச்சர்" என்றார் சன்னாசி. "என் கேள்விக்குப் பதில் சொல்லல நீங்க."

"எந்தக் கேள்விக்கு?"

"நம்ம பிள்ளைங்க திரும்பி வர்ற வரைக்கும்..."

"வந்தாச்சு தலைவரே" என்றார் டீச்சர், காய்க் கொத்தை ஆணியில் மாட்டியபடி. "நீங்கதான் பழைய முகத்தைத் தேடுறீங்க."

சன்னாசி துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். போகும்போது, வாசலில், வாய்க்குள் ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அந்த நடு எழுத்து அவர் நாக்குக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடம் நிறைந்திருந்தது. கதவுக்கு வெளியே, கையில் கட்டோடு எத்வாரி நின்றாள். பக்கத்தில் சுகமணி.

சன்னாசி எழுந்தார். முதலாவது, கூரை என்றார். இரண்டாவது, கூலி என்றார். மூன்றாவது, லாரி என்றார். அதில் ஒரு சொல்லையும் விடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. ஆள் இறக்கியவர்களின் பெயரைச் சொன்னபோது எப்போதும் போலவே மேசையைக் குத்தினார்.

அப்போது பின்னால் யாரோ இருமிவிட்டார்கள்.

கூட்டம் தலையில் கை வைத்தது. மறுபடியும் கூரையிலிருந்தா?

சன்னாசி இருமல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்காவது" என்றார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. ஒரு தடவைதான் வாசிப்பேன்."

நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாக, வாசித்தார்:

"எத்வாரி குஜூர்."