துரையின் விரதம்

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் தாண்டவராயன் என்றொரு சீடர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், பஸ் டெப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரைவர், கண்டக்டர் எல்லோரையும் ஒரு பார்வையிலேயே நடுங்க வைத்த மனுஷன், கடைசியில் ஒரு பூனையிடம் மாட்டிக்கொண்டு முழித்தார்.

பூனையின் பெயர் துரை. பேருக்கேற்ற திமிர். தியான மண்டபத்துப் பாய்களையெல்லாம் பிறாண்டிக் கிழித்தது. மூலையில் அதற்கென்று மண் பரப்பி வைத்த தட்டை விட்டுவிட்டு, தாண்டவராயனின் ஆசனத் துணியில் போய் மூத்திரம் பெய்தது. அதுவும் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்த துணியில். அவர் தண்ணீர் தெளித்துப் பார்த்தார், ஆரஞ்சுத் தோல் பரப்பிப் பார்த்தார், துண்டைச் சுழற்றி விரட்டிப் பார்த்தார். துரை எழுந்து சோம்பல் முறித்துவிட்டுப் போகும். அவர் கண்ணை மூடியதும் திரும்பி வரும்.

ஆசிரமத்தின் குரு வடிவாம்பாள். தாண்டவராயனைவிட வயதில் ரொம்பச் சின்னவர், ஆனாலும் எல்லோருக்கும் அம்மா. அவரிடம் தாண்டவராயன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். தோப்புக்குள் இருக்கிற தனிக்குடிலில் ஒரு வருஷம் மௌன விரதம் இருக்க அனுமதி வேண்டும். அது மட்டும் கிடைத்துவிட்டால் இந்த ஜென்மத்துக்குப் போதும் என்று இருந்தார். கேட்கிறபோதெல்லாம் அம்மா, முதலில் துரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார். மண்ணைத் தினமும் மாற்றுகிறீர்களா என்று வேறு கேட்பார். நாற்றம் எடுத்தால் மாற்றுகிறேன் என்பார் இவர். நாற்றமெடுத்த இடத்துக்கு நீங்கள் போவீர்களா என்பார் அம்மா.

அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞானம் தேடி வந்தவனுக்கு இதுவா வேலை?

ஒரு நாள் துரை அடங்கிவிட்டது. பாயைப் பிறாண்டவில்லை, துணிப் பக்கம் வரவில்லை. மண்டபத் தூணோரம் கால்களை மடக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பால்சோறு வைத்தால் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அன்றைக்கு ஏகாதசி வேறு. கேட்கவா வேண்டும். ஒரு அம்மாள் அதன் முன்னால் செம்பருத்திப் பூ வைத்தாள். மதுரையிலிருந்து வந்திருந்த ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். பற்றெல்லாம் விட்டுப்போச்சு பாருங்க என்று மண்டபம் பூராவும் கிசுகிசுத்தார்கள்.

தாண்டவராயனுக்கு வயிறு எரிந்தது. மூன்று வருஷமாக முதுகு ஒடிய உட்கார்கிறார், அவர் முன்னால் ஒருத்தரும் ஒரு துளசி இலை வைத்ததில்லை. வீடு, மகள் என்று அவர் விட்டது மட்டும் லேசுப்பட்டதா? மனைவி இறந்த பதினாறாம் நாள், பந்தியில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, மகள் தமயந்தி அவரைப் பார்த்து ஒன்று கேட்டாள். "அம்மாகிட்ட ஒரு நாளாவது அன்பா நாலு வார்த்தை பேசியிருக்கீங்களாப்பா?" அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அடுத்த வாரமே இங்கே வந்துவிட்டார். அவள் அவரைப் பார்க்க ஆசிரமத்துக்கு வருவாள். இவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்த முறுக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போவாள். கண்ணைத் திறக்க மாட்டார்.

பொறுக்கமாட்டாமல் அவர் அம்மாவிடம் போனார்.

"எலி பிடிச்சுத் தின்ன ஜந்து அது. அதுக்கு வந்த நிலை எனக்கு ஏம்மா வரல?"

"அது சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

மூன்று நாள் இருக்கும் என்றார் அவர். அம்மாவின் முகம் மாறிவிட்டது. எழுந்து நேரே பின்சுவருக்கு அந்தப் பக்கம், சமையல்காரப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் வறுத்த நெத்திலிக் கருவாடு.

வெங்காயம்கூட நுழையாத ஆசிரமம் அது. அம்மா கருவாட்டோடு மண்டபத்துக்குள் நுழைந்ததும் பாதிப் பேர் மூக்கைப் பொத்தினார்கள், மீதிப் பேர் வாயைப் பிளந்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. செம்பருத்திப் பூக்களைக் கையால் ஒதுக்கிவிட்டு துரையின் முன்னால் இலையை வைத்தார்.

துரையின் கண் முழுசாகத் திறந்தது. மூக்கு துடித்தது. எழுந்து தள்ளாடி வந்து ஒரு நெத்திலியை ஆவலாகக் கவ்விக் கடித்தது. கடித்ததுதான் தாமதம், வீலென்று கத்திக்கொண்டு துப்பிவிட்டு, முன்னங்காலால் வாயைப் போட்டுப் பிறாண்டியது. தாடையோரம் எச்சில் நூலாய் ஒழுகிற்று.

"ஆசை எங்கயும் போகல," என்றார் அம்மா. "வாய் வலிக்குது. இன்னைக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க ஐயா. நாளைக்குன்னு வைக்காதீங்க."

கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, தாண்டவராயன் பஸ் ஏறினார். கண்டக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, என்ன சார் நீங்களா, கூடையில என்ன என்று விசாரித்தான். டெப்போவில் அவரிடம் கைகட்டி நின்றவன். கூடைக்குள்ளிருந்து துரை பதில் சொல்லியது. பஸ்ஸே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவருக்கு அங்கேயே இறங்கிவிடலாம் போல் இருந்தது.

டாக்டர் மயக்க ஊசி போட்டு, சொத்தையான பல்லைப் பிடுங்கி, சீழை எடுத்தார். பூனை வலியை வெளியே காட்டாது என்றார். ஒரு மூலையாகப் பார்த்து அசையாமல் உட்கார்ந்துகொள்ளும், வீட்டில் இருக்கிறவர்கள் சேட்டை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். இன்னும் இரண்டு நாள் பட்டினி கிடந்திருந்தால் ஈரல் கெட்டு ஆளே போயிருக்கும். இதைச் சொல்லிவிட்டு அவர் மருந்துப் பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

காலையும் மாலையும் துரையைத் துண்டில் சுருட்டிப் பிடித்து மருந்து புகட்டுவதற்குள் தாண்டவராயனின் முழங்கை வரை கீறல். ஒரு வாரத்தில் துரை தேறிவிட்டது. தேறியதற்கு அடையாளமாகப் புதுப் பாய் ஒன்றைக் கிழித்தது. அடுத்த நாள் விடிந்ததும், மூன்று நாளாக மாற்றாத மண் தட்டைத் தாண்டிப் போய், அவருடைய ஆசனத் துணியிலேயே நிதானமாக உட்கார்ந்து காரியத்தை முடித்தது. விழுந்து கும்பிட்டவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவ்வளவுதான். ஈரத் துணியும் கையுமாக அம்மாவின் அறைக்குள் போய் நின்றார்.

"எனக்குக் குடில் சாவியக் குடுங்கம்மா. இந்தப் பூனையோடயும் முடியாது, இந்த ஜனங்களோடயும் முடியாது. பெத்த மக வந்து எதிர்ல உக்காந்தாலும் வாயத் திறக்காதவன் நான். மௌனத்துக்கு இதுக்கு மேல என்ன பக்குவம் வேணும்?"

அம்மா அவர் கையிலிருந்த துணியை வாங்கி ஓரமாகப் போட்டார். கீறல் விழுந்த அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"சாவி தரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ஐயா. உங்களுக்கு எங்க வலிக்குது?"