கூடுதுறையில் ஒரு வாய்த் தண்ணீர்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகள் பேச்சை நிறுத்திக் கொஞ்ச நாளே ஆகியிருந்தபோது, கல்லாறும் மூங்கிலாறும் கலக்கும் ஊரில் செங்கோடன் என்றொரு பரிசல்காரன் இருந்தான். அவன் மனைவி பவளாயியும் அவனுக்குச் சமமாகத் துடுப்புப் போடுவாள்.

மொட்டைக் கரடு, ஒற்றைப் பனை, யானைப் பாறை, இந்த மூன்றும்தான் அவர்களுக்கு அடையாளம். மூன்றுக்கும் நட்டநடுவே, இரண்டு ஆறும் கலக்குமிடம்தான் கூடுதுறை. பரிசல் ஏறுமுன் இரண்டு ஆற்றிலும் ஒவ்வொரு கை தண்ணீர் குடிப்பது அவர்கள் வழக்கம்; கல்லாறு உவர்க்கும், மூங்கிலாறு இனிக்கும்.

ஒருநாள் ஒரு மந்திரவாதி வந்தான். "என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போ!"

கரையில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மாளை விட்டுட்டு வந்துடறனுங்க" என்றான் செங்கோடன்.

நியாயம்தானே? மந்திரவாதிக்கு அது ஏறவில்லை. செங்கோடனைக் கல்லாக்கிவிட்டான்.

பவளாயி கதறினாள். "கூடுதுறையில் சரியாகப் பரிசலை நிறுத்து, எழுந்துவிடுவான்" என்றான் அவன். "ஒரு நாளைக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. மூன்றும் தப்பினால் நீயும் கல்."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தாள் பவளாயி. அந்தக் கள்ளனோ மூன்று அடையாளங்களையும் ஓசைப்படாமல் ஒரு கூப்பிடு தூரம் நகர்த்தி வைத்திருந்தான்.

முதல் நாள் போனாள். "கரடு பொய் சொல்லாது, பனை பொய் சொல்லாது, பாறை பொய் சொல்லாது" என்று நடுவில் நிறுத்தினாள். கல் கல்லாகவே கிடந்தது.

இரண்டாம் நாளும் கரடு பொய் சொல்லாது, பனை பொய் சொல்லாது, பாறை பொய் சொல்லாது. கல் அசையவில்லை.

மூன்றாம் நாள் அதே இடத்துக்கு வந்ததும் பயத்தில் அவளுக்கு நாக்கு வறண்டது. ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். ஒரே உவர்ப்பு.

"அட, இது கல்லாத்துத் தண்ணியாச்சே! மூங்கிலாறு இங்க வரவே இல்லையே!"

அதற்குப்பின் அவள் கரட்டைப் பார்க்கவில்லை, பனையைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்க்கவில்லை. துடுப்புப் போட்டாள், குடித்தாள். துடுப்புப் போட்டாள், குடித்தாள். ஓரிடத்தில் உவர்ப்பும் இனிப்பும் ஒரே வாயில் வந்தன. அங்கே நிறுத்தினாள்.

கரையில் கல் எழுந்து சோம்பல் முறித்தது. ஏவிய மந்திரம் ஏவியவன்மேலேயே திரும்பியது. அந்த மந்திரவாதிக் கல்லில்தான் ஊரார் இன்றைக்கும் துணி துவைக்கிறார்கள்.

கண் விழித்ததும் செங்கோடன் கேட்டான்: "ஏம்புள்ள, அந்தம்மா என்ன ஆனாங்க?"

"பொட்டப்புள்ள பொறந்திருக்குதுங்க" என்றாள் பவளாயி. "உங்களைக் கல்லாக்குன அன்னிக்கே, அழுதுட்டே நாந்தான் அக்கரை சேத்துனனுங்க."