செத்த புலிக்குப் பயந்த சருகுமான்

மூங்கிலும் அத்தியும் அடர்ந்த ஒரு மலைக்காட்டில், விழுந்து கிடந்த மரத்தின் பொந்துக்குள் தவிட்டி என்றொரு சருகுமான் தன் குட்டியோடு குடியிருந்தது. சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? பெயர்தான் மான், உயரம் முயல் அளவுதான். கொம்பு கிடையாது. கால்கள் குச்சி குச்சியாக இருக்கும். ஓர் இலை விழுந்தாலும் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அந்தக் காட்டில் கோடையிலும் வற்றாத தண்ணீர் ஓர் இடத்தில்தான் இருந்தது. பாறைகளுக்கு நடுவே ஒரு சுனை. அதற்கு மேலே ஒரு குகையில் வசித்த புலி அதைத் தனதாக்கிக்கொண்டது. சுனையில் வாய் வைத்த பிராணியின் உயிர் புலிக்குச் சொந்தம். அதுதான் அங்கே சட்டம். மற்றப் பிராணிகள் இலையில் தங்கிய பனியை நக்கியும் பாறைக் குழியில் தேங்கிய மழைநீரைக் குடித்தும் நாளைக் கடத்தின.

ஒரு கோடையில் பனியும் இல்லாமல் போயிற்று. தவிட்டிக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி வெறும் மடியைச் சப்பிச் சப்பி ஓய்ந்து கிடந்தது. தவிட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து சுனைக்குப் போய் வயிறு முட்டக் குடித்தது.

நிமிர்ந்தபோது எதிர்ப் பாறையில் புலி நின்றது.

ஓட வேண்டும் என்று தவிட்டி நினைத்தது. கால் வரவில்லை. புலி அவசரப்படாமல், ஒவ்வொரு பாறையாக இறங்கி வந்தது. அப்போது ஒரு காட்டெருது புதரை விலக்கிக்கொண்டு வந்து இரண்டுக்கும் நடுவில் நின்றது. அது சுனைப் பக்கமே வந்ததில்லை. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"இது குடித்ததற்கு ஓர் உயிர் வேண்டும், அவ்வளவுதானே?" என்றது எருது. "என்னை எடுத்துக்கொள். இதை விட்டுவிடு."

புலி பாய்ந்து அதன் கழுத்தைக் கவ்வியது. எருது உதறவில்லை. கழுத்தில் தொங்கிய புலியோடு பாறையின் விளிம்பு வரை நடந்துபோய், அப்படியே பள்ளத்தில் விழுந்தது. தவிட்டி கண்களை இறுக மூடிக்கொண்டது. கீழே மோதிய சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது எருது பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. செத்தே போயிற்று என்று எல்லாரும் நினைத்திருந்த எருது. அதன் கழுத்தில் புலிப் பற்கள் பதிந்த தழும்புகள் தெரிந்தன.

"புலி செத்துவிட்டது" என்றது. "சுனை இனி உங்களுடையது. யார் மேலும் எந்தப் பழியும் இல்லை."

மலைக்கு அப்பால் எல்லாருக்குமாக ஒரு புல்வெளியை ஆயத்தம் செய்யப் போவதாகவும், திரும்பி வந்து அழைத்துப் போவதாகவும் அது சொன்னது. தான் வரும்வரை காலைதோறும் சுனையில் கூடி, நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு மலையேறிப் போயிற்று.

அதன்படியே பிராணிகள் காலைதோறும் கூடின. யாராவது ஒருவர் நடந்ததைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள், எல்லாரும் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். தவிட்டியும் போயிற்று. கேட்கக் கேட்க அதற்கு அழுகை வந்தது. எருது யாருக்காக நின்றது என்பது அதற்குத் தெரியுமே.

பிறகு மழைக்காலம் வந்தது. அத்தி பழுத்தது. குட்டி துள்ளத் தொடங்கியது, அதன் பின்னால் ஓடவே தவிட்டிக்குப் பொழுது சரியாக இருந்தது. ஒரு நாள் சுனைக்குப் போகவில்லை. அப்புறம் நாலு நாள் போகவில்லை. மேலே மரத்தில் வசித்த செவலை என்னும் மலையணில் காலையில் இறங்கி வந்து, "வருகிறீர்களா, அக்கா?" என்று கேட்கும். தெரிந்த சங்கதிதானே, நாளைக்கு வருகிறேன் என்று தவிட்டி சொல்லி அனுப்பிவிடும்.

நடந்ததை அது மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. யாராவது கேட்டிருந்தால் ஒரு வரி விடாமல் சொல்லியிருக்கும். ஆனால் யாரும் கேட்கவில்லை, அதுவும் யாருக்கும் சொல்லவில்லை. மறுபடி இலை விழும் சத்தம் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது.

இதை ஒரு மரநாய் கவனித்தது. உழைக்காமல் தின்பதில் அதற்கு நிகர் யாரும் இல்லை. ஒரு நாள் மாலை மயங்கும் நேரத்தில் அது தவிட்டியின் வழியில் வந்து உட்கார்ந்தது.

"எங்கே, தங்கச்சி, தண்ணீர் குடிக்கவா?"

"ஆமாம், அண்ணா."

"பார்த்துப் போ. குகைப் பக்கம் உறுமல் கேட்டது."

புலிதான் செத்துவிட்டதே என்றது தவிட்டி.

"செத்ததை நீ பார்த்தாயா?"

தவிட்டி பள்ளம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

"நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். எருது சொன்னது, நீ கேட்டாய். அந்த எருது இப்போது எங்கே?" மரநாய் கொஞ்சம் கிட்டே வந்து, பரிவாகக் கேட்டது. "அது கிடக்கட்டும். சுனையில் குடித்தது நீதானே?"

முதல் கேள்வியைவிட இந்தக் கடைசிக் கேள்விதான் தவிட்டியைக் கொன்றது. ஆமாம், குடித்தது நான்தான். அன்று அது தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டது.

மறுநாள் மரநாய் மறுபடி வந்தது. தவிட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று புலி விசாரிப்பதாகவும், தான் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னது. பேச்சோடு பேச்சாக, தனக்கு அத்திப்பழம் பிடிக்கும் என்றது. அன்றிலிருந்து தவிட்டி பொறுக்கிய பழங்களில் நல்லவை எல்லாம் மரநாய்க்குப் போயின. அழுகியதைத் தானும் குட்டியும் தின்றன.

பகலில் வெளியே வருவதைத் தவிட்டி நிறுத்தியது. சுனையை விட்டுவிட்டு, பழையபடி இலையில் பனியை நக்கியது. மூங்கில் ஒன்றோடொன்று உரசினால் உறுமலாகக் கேட்டது. வெயில் புதரின் மேல் கோடு கோடாக விழுந்தால் புலி படுத்திருப்பதாகத் தோன்றியது. குட்டி சத்தம் போட்டால் அதன் வாயைத் தன் நெஞ்சால் அழுத்திக்கொண்டது. குட்டி மெலிந்தது. துள்ளுவதையும் விட்டுவிட்டது.

செவலை வந்து கூப்பிட்டால், குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று பொந்துக்குள்ளிருந்தே பதில் வரும். இவ்வளவு பயந்து கிடப்பது தெரிந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தவிட்டிக்கு வெட்கம். வெட்கமும் பயமும் சேர்ந்து அதைப் பொந்தின் அடிவரைக்கும் தள்ளிவிட்டன.

அத்திப்பழம் தீர்ந்துபோன காலத்தில் மரநாய் ஒரு காலையில் வந்தது. முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டது.

"தங்கச்சி, புலி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டது. நான் எவ்வளவோ கெஞ்சினேன். இன்று உச்சி வெயிலில் நீ தனியாகக் குகை வாசலுக்கு வர வேண்டுமாம். வந்தால் உன்னோடு முடிந்துவிடும். வராவிட்டால் குட்டியும் சேர்த்துத்தான்."

தவிட்டி அழவில்லை. இப்படித்தான் முடியும் என்று அது எப்போதோ நினைத்துவிட்டது. குட்டியை மட்டும் என்ன செய்வது என்று கேட்டது.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது மரநாய்.

தவிட்டி அதற்கு நன்றி சொன்னது. குட்டியைத் தலை முதல் வால் வரை நக்கிக் கொடுத்தது. சருகைத் தள்ளி அதன் மேல் போர்த்தி, என்ன சத்தம் கேட்டாலும் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டது.

குகைக்குப் போகும் வழி திறந்த பாறை. ஒதுங்க ஒரு செடி இல்லை. பாறை கொதித்தது. ஒவ்வோர் அடிக்கும் தவிட்டியின் கால்கள் திரும்பிப் போகப் பார்த்தன. குட்டியை நினைத்து அது அவற்றை முன்னால் எடுத்து வைத்தது. குகை வாசல் தெரிந்தது. உள்ளே ஒரே இருட்டு.

"வந்துவிட்டேன்" என்றது தவிட்டி.

பதில் இல்லை. உள்ளிருந்து புலி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக அதற்குத் தோன்றியது. தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டது. காத்திருந்தது. முன்கால்கள் மடங்கி அப்படியே மண்டியிட்டுவிட்டது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. இனியும் காத்திருக்க முடியாது என்ற நிலையில், கண்ணைத் திறந்தது.

குகை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சிலந்தி வலை இருந்தது. ஓர் இழைகூட அறுபடவில்லை. அதன் மேல் பல நாள் தூசி படிந்திருந்தது.

ஒரு புலி இதைக் கிழிக்காமல் எப்படிப் போய்வரும்?

தவிட்டி எழுந்தது. பாறை விளிம்பு வரைக்கும் ஊர்ந்து போயிற்று. இத்தனை நாளும் எட்டிப் பார்க்காத பள்ளத்தை அன்று எட்டிப் பார்த்தது. கீழே வெளுத்த எலும்புகள் கிடந்தன. விலா எலும்புகளுக்கு நடுவே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பெரிய கோரைப்பற்கள் உள்ள மண்டையோட்டின் கண்குழியில் எறும்புகள் வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தன.

"செத்துவிட்டது" என்று தவிட்டி வாய்விட்டுச் சொன்னது.

அதற்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனாலும் தன் காதில் தன் குரலே அதைச் சொல்லக் கேட்டபோது, எருதின் குரலும் கூடவே வந்தது. என்னை எடுத்துக்கொள், இதை விட்டுவிடு. யார் மேலும் எந்தப் பழியும் இல்லை. தவிட்டியின் மூச்சு மெல்லத் தணிந்தது.

அடுத்த மூச்சிலேயே அதற்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. புலி இல்லையென்றால், என்னைத் தனியாக இங்கே அனுப்பியது யார்? குட்டி யாரிடம் இருக்கிறது?

அது ஓடிய ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் எந்தச் சருகுமானும் ஓடியிருக்காது. பாறையில் குளம்பு வழுக்கி இரண்டு முறை விழுந்து எழுந்தது.

பொந்து வாசலில் மரநாய் நின்றது. குட்டியின் காதைக் கவ்வி வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அசையக் கூடாது என்று தாய் சொன்னதால் குட்டி முனகக்கூட இல்லை.

மரநாய் தவிட்டியைவிடப் பெரியது. அதன் பற்களைப் பார்த்ததும் தவிட்டிக்கு மறுபடி கால் மரத்தது. மரநாய் குட்டியைக் கீழே போட்டு, ஒரு காலால் அழுத்திக்கொண்டது.

"புலி பின்னாலேயே வருகிறது" என்றது. "நீ குடித்ததை அது மறக்கவில்லை."

"குடித்தது நான்தான்" என்றது தவிட்டி. "எனக்காக எருது நின்றது. புலியின் எலும்பை இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன்."

சொல்லிவிட்டு அது பின்கால்களால் தரையைத் தடதடவென்று உதைத்தது. சருகுமான் ஆபத்தில் அப்படித்தான் உதைக்கும். ஆனால் இத்தனை நாளும் பயத்தில் அதைக்கூடச் செய்யாமல் இருந்துவிட்டது. மேலேயிருந்த செவலைக்குக் கேட்டது. அது கிளைக்குக் கிளை தாவிக் கத்த, சுனையிலிருந்த கடமான்கள் புதரை மிதித்துக்கொண்டு வந்தன. மரநாய்க்கு இருந்த பலமெல்லாம் தவிட்டியின் பயம்தான். அந்தப் பயம் போனபின், மரநாய் குட்டியை விட்டுவிட்டு மூங்கில் காட்டுக்குள் ஓடி மறைந்தது.

குட்டி பிழைத்தது. ஆனால் அதன் இடது காது பாதி கிழிந்து போயிற்று. அது அப்புறம் சேரவே இல்லை.

அன்று மாலை தவிட்டி எல்லாவற்றையும் செவலையிடம் சொன்னது. பழம் கொடுத்ததை, பனி நக்கியதை, மரநாய்க்கு நன்றி சொன்னதை. செவலை திட்டும் என்று எதிர்பார்த்தது.

"எனக்கும் கண் விழித்ததும் அந்தக் குகைதான் ஞாபகம் வருகிறது, அக்கா" என்றது செவலை. "அதனால்தான் காலைதோறும் சுனைக்கு ஓடிப்போய் நடந்ததைக் கேட்கிறேன்."

பயம் தனக்கு மட்டும்தான் என்று தவிட்டி அதுவரை நினைத்திருந்தது.

மறுநாள் காலை, பொந்திலிருந்து பாதி வெளியே வந்தபோது எங்கோ ஒரு காய்ந்த கிளை முறிந்து விழுந்தது. தவிட்டி அப்படியே நின்றுவிட்டது. கால்கள் வெடவெடத்தன. செவலை மரத்திலிருந்து இறங்கி வந்தது.

"நடந்ததைச் சொல், செவலை."

"உங்களுக்குத் தெரிந்ததுதானே, அக்கா?"

"தெரிந்ததுதான். நேற்றுக் கேட்டது நேற்றைய பயத்துக்குச் சரியாகப் போயிற்று. இன்றைக்குச் சொல்."

செவலை சொல்லிக்கொண்டே முன்னால் போயிற்று. தவிட்டியும் குட்டியும் பின்னால் நடந்தன. சுனை வரைக்கும் கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கிய காலோடேயே தவிட்டி தண்ணீர் குடித்தது.

நீதி: கிறிஸ்து நமக்காக மரித்து உயிர்த்தார் என்ற நற்செய்தியை நாள்தோறும் நினைத்துக்கொள்ளுங்கள், நினையாத நெஞ்சைச் செத்துப்போன பயமும் ஆளும்.