ஒழுகும் படகில் ஒரு வேளைச் சோறு

கடலோரக் கால்வாய் ஒன்றில் ஐந்தாறு படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கால்வாயின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அங்கே இடம் கொஞ்சம்தான்.

அந்தப் படகுகளில் ஓர் அம்மாவும் அவரிடம் பாடம் கேட்டவர்களும் குடியிருந்தார்கள். சமைப்பது, துவைப்பது, தூங்குவது, கும்பிடுவது எல்லாம் தண்ணீர்மேல்தான். அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் அம்மா அவர்களை 'ஐயா' என்பார், அவர்கள் அவரை 'அம்மா' என்பார்கள். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

தீட்சை என்று அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. புதிதாக வருகிறவர் தன் படகைத் தண்ணீரில் விட்டு, அதில் அடுப்பு மூட்டி, உலை வைத்து, அம்மாவுக்கு ஒரு வேளை சோறு போடவேண்டும். அம்மா சாப்பிட்டு எழுந்துவிட்டால் வந்தவர் சீடர். ஆனி மாதக் கடைசியில் மதகு திறப்பார்கள். கால்வாய் நிறைந்ததும் படகுகள் எல்லாம் தெற்கே கிளம்பிவிடும். திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் சோறு போடாதவர் கரையில் நின்று கையாட்டவேண்டியதுதான்.

தில்லைநாயகம் சித்திரையில் வந்து சேர்ந்தார். டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையை அண்ணன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, "இனிமேல் எனக்குத் தண்ணிதான் வீடு" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கூடவே மனைவி சிவகாமி. அவர்களுக்குப் பின்னால் ஒரு வண்டி நிறையப் பித்தளை. அண்டா, தவலை, சருவம், குத்துவிளக்கு என்று இறங்கிக்கொண்டே இருந்தது.

"இதெல்லாம் எதுக்கு ஐயா?" என்று அம்மா கேட்டார்.

"நாளைக்குப் படகுல நாலு பேர் வந்தா சமைச்சுப் போடவேண்டாமா அம்மா?"

"வேணும்தான்" என்று அம்மா சொன்னார். நாலு பேர் வந்தால் அவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்கவில்லை.

அவர் வாங்கியிருந்த படகும் வந்து சேர்ந்தது. நல்ல படகு, கனத்த பலகை. யாரோ ஒருவருடைய தோப்பில் வெகுநாளாகக் கவிழ்ந்து கிடந்தது, அவ்வளவுதான் குறை. எல்லோரும் கைகொடுத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சிவகாமி வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். காலடி நனைந்தது. குனிந்து பார்த்தால், பலகைக்குப் பலகை இருந்த இடுக்கெல்லாம் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"ஒழுகுது. தூக்குங்க, தூக்குங்க. கரைக்கு ஏத்துங்க" என்று தில்லைநாயகம் பதறினார்.

பாத்திரக்கடைக்காரருக்கு ஒழுகல் என்றாலே ஆகாது. கடையில் ஒவ்வொரு குடத்தையும் தண்ணீர் நிரப்பி, வெளியே துடைத்து, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் விற்பார். துளி ஈரம் பட்டாலும் அந்தக் குடம் பற்றவைக்கப் போய்விடும். கடையை விட்டாலும் கை விடுமா?

படகு கரையேறியது. பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு தில்லைநாயகம் வேலையில் இறங்கினார். இடுக்கு இடுக்காகச் சுரண்டினார். பஞ்சைத் திரித்துத் திணித்தார். குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினார். சித்திரை வெயிலில் படகு நன்றாகக் காய்ந்தது. தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. திருப்தியாக மறுபடி தண்ணீரில் விட்டார்கள்.

முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

மறுபடி கரை. மறுபடி சுரண்டல், பஞ்சு, குங்கிலியம், வெயில். வைகாசியில் மூன்றாம் தடவை இறக்கியபோது, புது இடத்திலெல்லாம் தண்ணீர் வந்தது. இப்படி ஒரு அநியாயம் உண்டா என்று புலம்பினார்.

அம்மா தினமும் காலையில் அந்தப் பக்கமாக நடந்து வருவார்.

"சோறு எப்போ ஐயா?"

"சரி பண்ணிட்டுக் கூப்பிடறேன் அம்மா."

"சரி ஐயா."

அதற்குமேல் அம்மா ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பக்கத்துப் படகு வேலப்பன் அப்படியில்லை. பஸ் கண்டக்டராக இருந்து சீடரானவர். தில்லைநாயகம் குங்கிலியச் சட்டியைக் கிளறும்போதெல்லாம் தன் படகில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "ஏறுங்க சார், ஏறுங்க. உள்ளே இடம் இருக்கு" என்பார்.

"ஒழுகற வண்டியில எப்படிய்யா ஏறுறது?"

"நான் முப்பது வருஷம் ஓட்டை பஸ்ஸுலதான் டிக்கெட் கிழிச்சேன்."

தில்லைநாயகத்துக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலும் அவருடைய கவலைகளில் ஒன்று. படகை மட்டும் அவர் செப்பனிடவில்லை, தன்னையும் சேர்த்துத்தான் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். விடிந்ததும் கொட்டகையில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடுவார். கடை ஷட்டரைத் தூக்குகிற சத்தம் காதில் கேட்கும். அண்ணன் மகன் ஈயச் சொம்பைப் பித்தளைச் சொம்போடு கலந்து அடுக்கியிருப்பானோ என்று தோன்றும். உடனே கோபம் வரும். இந்தக் கோபமெல்லாம் போகட்டும், மனம் ஒரு நாளாவது நிற்கட்டும், அப்புறம் சீடனாகலாம் என்று இருந்தார்.

ஆனியும் பாதி கடந்தது. ஒரு நாள் சிவகாமி அரிசி களைந்துகொண்டிருந்தவள், பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, அடுத்த வாரம் மதகு திறக்கறாங்களாம்."

"தெரியும்."

"நாம கரையிலதானா?"

"ஒழுகற படகுல உன்னை உட்காரவச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?"

"வீடு வாசலை விட்டுட்டு வந்து கொட்டகையில குடியிருக்கேன். கரையில இருக்கறதுக்கு அங்கேயே இருந்திருக்கலாம். அங்கேயாவது ஃபேன் இருந்துச்சு." அவள் குரல் இறங்கியது. "நீங்க கூப்பிட்டீங்கன்னு மட்டும் நான் வரலை. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. அந்தப் படகுல ஒரு உலை வைக்கணும். தண்ணியோட சேர்ந்து உலைமூடி ஆடறதைப் பார்க்கணும். அவ்வளவுதான் நான் கேட்டது."

 தில்லைநாயகம் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக அம்மாவின் படகுக்குப் போனார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். அந்தப் படகு எப்போதான் தண்ணிக்கு லாயக்காகும்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்த மாதிரி முகம் மலர்ந்தது. கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"வேலப்பன் ஐயா, எல்லாரையும் கூப்பிடுங்க. படகை இறக்கணும்."

"அம்மா, குங்கிலியம் இன்னும் காயலை" என்று தில்லைநாயகம் பின்னாலேயே ஓடினார். யாரும் நிற்கவில்லை. கரையோரம், இடுப்பளவு ஆழத்தில் படகு இறங்கியது. வழக்கம்போல ஒழுக ஆரம்பித்தது. அம்மா ஒரு வாளியை எடுத்தார். தண்ணீரை வெளியே இறைக்கப்போகிறார் என்றுதான் தில்லைநாயகம் நினைத்தார். அம்மா கால்வாயில் மொண்டு படகுக்குள் ஊற்றினார்.

தில்லைநாயகம் வாயைத் திறந்தபடி நின்றார்.

"கனம் பத்தாது. மரம் மிதக்கப் பார்க்குது" என்றார் அம்மா. "ஐயா, உங்க அண்டாவெல்லாம் எங்கே?"

"அம்மா, அது எங்க கல்யாணத்துக்கு வந்த அண்டா."

"நல்லதாப்போச்சு."

சிவகாமிதான் முதல் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்புறம் அண்டா, சருவம், எல்லாம் வந்தன. ஒவ்வொன்றிலும் மணலை நிரப்பிப் படகுக்குள் இறக்கினார்கள். தேய்த்துத் தேய்த்துத் தங்கமாக வைத்திருந்த பித்தளை, மணலை வாங்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தது. படகின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்தது, ஒரு தடவை தயங்கியது, பிறகு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. மேலே சில குமிழ்கள் வந்தன.

தில்லைநாயகம் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடையைக் கொடுத்து, வீட்டை விட்டு, மிச்சமிருந்தது அந்தப் படகும் அந்தப் பாத்திரங்களும்தான். கண்ணில் நீர் முட்டியது. கோபமும் வந்தது. யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

"மதகு திறக்கற அன்னைக்குத் தூக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா கீரை ஆயப் போய்விட்டார்.

அதன்பிறகு தில்லைநாயகத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. சுரண்டப் படகு இல்லை. காய்ச்சக் குங்கிலியம் வேண்டாம். முதல் நாள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். மறுநாள் எரிந்து விழவும் அலுப்பாக இருந்தது. கரையில் உட்கார்ந்து, படகு முங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அயிரைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து அண்டாவைச் சுற்றி விளையாடின. சிவகாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பொரி கொடுத்தாள். இருவரும் கொஞ்சம் தின்று, கொஞ்சம் மீனுக்குப் போட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் நேரத்தில் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்தது கிடையாது என்று சிவகாமி சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான்.

மதகு திறந்த அன்று காலையில் எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். மணலைக் கொட்டிவிட்டு, அதே அண்டாவாலும் தவலையாலும் இறைத்தார்கள். படகு மெல்ல மெல்ல மேலே வந்தது. கடைசித் தண்ணீரைத் துணியால் துடைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

தில்லைநாயகம் உள்ளே இறங்கி மண்டியிட்டு, உள்ளங்கையை அடிப்பலகையில் வைத்தார். குடத்துக்கு வைக்கிற அதே கை. கொஞ்ச நேரம் காத்திருந்து கையைத் திருப்பிப் பார்த்தார். துடைத்த ஈரம்தான் இருந்தது, புதிதாகத் தண்ணீர் வரவில்லை. மரம் ஊறி உப்பி, பலகையும் பலகையும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருந்தன. அவர் பாடுபட்டுத் திணித்த பஞ்சைப் பலகைகளே பிதுக்கி வெளியே தள்ளியிருந்தன. அது இடுக்குகளிலிருந்து நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கரையில காயக் காய இடுக்கு அகண்டுக்கிட்டே போயிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

சிவகாமி அடுப்பை ஏற்றினாள். உலை கொதித்தது. அவள் ஆசைப்பட்டபடியே உலைமூடி தண்ணீரோடு சேர்ந்து ஆடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைக் கொஞ்சம் குழையவிட்டுவிட்டாள். அம்மா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோறு, பருப்பு, கீரை. கால்வாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற படகுகளில் கயிறு அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

தில்லைநாயகம் மட்டும் உட்காரவில்லை. கைகட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, சாப்பிட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்."

"சொல்லுங்க ஐயா."

"படகு சரியாயிடுச்சு. நான் ஆகலை. கண்ணை மூடினா கடைதான் வருது. இந்த வாரம் மட்டும் வேலப்பனை எத்தனை தடவை திட்டினேன்னு கேட்டுப் பாருங்க."

"கணக்கு வைக்கலை சார்" என்று பக்கத்துப் படகிலிருந்து வேலப்பன் குரல் கொடுத்தார்.

"எம்மேல அத்தனை ஓட்டை இருக்கு அம்மா. இப்படியே உங்க சீடன்னு சொல்லிக்க எனக்குக் கூச்சமா இருக்கு. நீங்க போயிட்டு வாங்க. வருஷம் திரும்பறதுக்குள்ள நான் என்னைச் சரி பண்ணிக்கிட்டு வந்து சேர்ந்துக்கறேன்."

அம்மா இலையில் மிச்சமிருந்த சோற்றை ஒதுக்கிக் கூட்டினார். கொஞ்சம் மோர் கேட்டார். சிவகாமி ஊற்றினாள். அம்மா நன்றாகப் பிசைந்து சாப்பிட்டு, விரலால் இலையை வழித்து முடித்தார். பிறகு தண்ணீரில் கையை விட்டுக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"எந்தக் கரையில வச்சு ஐயா?" என்று கேட்டார்.

தில்லைநாயகம் குனிந்து, படகைக் கரையோடு கட்டியிருந்த கயிற்றின் முடிச்சைத் தேடினார்.