உப்பில்லாச் சாம்பாருக்கு ஒருமனதான ஆதரவு

கற்பூரத்தில் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை!

சமையல்காரர் மாசிலாமணியை ஆளுநர் கூப்பிட்டார். "நாளை விருந்துல ரெண்டு கட்சியும் சேர்ந்து உன் சாம்பாரைப் பாராட்டணும். இல்லேன்னா வேலை போச்சு!"

அந்தக் கட்சிகளோ இன்று என்ன கிழமை என்பதில்கூட ஒத்துப்போனதில்லை.

மறுநாள் மாசிலாமணி ஆளும்கட்சிப் பந்தியில் குனிந்து, "சாம்பார் மோசம்னு எதிர்க்கட்சிக்காரங்க சொல்றாங்க" என்றார். எதிர்க்கட்சிப் பந்தியில் அதையே ஆளும்கட்சி சொன்னதாகப் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான், இரு பக்கமும் மேசையைத் தட்டி, "அபாரமான சாம்பார்!" என்று முழங்கின.

ஆளுநர் ஒரு வாய் வைத்தார். "யோவ், உப்பே இல்லையே!"

"வேணும்னுதான் போடலீங்க ஐயா. அவங்க இன்னும் இலையையே தொடலை. மசோதாவுக்கும் படிக்காமலே இப்படித்தான் மேசையைத் தட்டுறாங்க. நீங்களோ அந்த மசோதாவை ரெண்டு வருஷமா ருசி பார்த்துக்கிட்டே இருக்கீங்க, கையெழுத்தைக் காணோம்!"

ஆளுநருக்குப் புரையேறிவிட்டது. கேட்ட பாராட்டுத்தான் கிடைத்துவிட்டதே, மாசிலாமணியின் வேலை தப்பியது.

சொன்னது நானென்று மூச்சுவிடாதீர்கள். அடுத்த விருந்துக்கு எனக்கும் அழைப்பிருக்கிறது.