காப்பைக் கழற்றச் சொன்ன தளபதி

நெடுங்காலத்துக்கு முன்பு குன்றகம் என்னும் நாட்டைக் கதிர்வேழர் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் மனத்தில் ஒன்று தோன்றிவிட்டால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். அப்படித் தோன்றுபவற்றையெல்லாம் சேதமில்லாமல் நடத்திக்கொடுப்பதே அமைச்சர் சீராளரின் பாதி வேலை.

ஒருமுறை அரண்மனை நாவிதர் தம் மகளின் திருமணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். மன்னரின் தாடி முள்முள்ளாக வளர்ந்து அரிக்கத் தொடங்கியது. வேறொருவரை அழைக்கலாம் என்றார்கள். மன்னருக்கோ தமக்குத் தாமே சவரம் செய்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. வாள் பிடித்த கைக்குச் சவரக்கத்தி எம்மாத்திரம் என்று கேட்டார். சீராளர் மறுக்கவில்லை. இளமையிலிருந்தே தம் முகத்தைத் தாமே மழித்துப் பழகியவர் அவர். ஆகவே கற்றுத்தரத் தாமே முன்வந்தார்.

முதல் வேலையாக, கடல்வணிகர் ஒருவரிடமிருந்து சவரக்கத்திக்குப் பூட்டும் ஒரு வெள்ளிக் காப்பை வாங்கிவந்தார். சீப்பைப் போல் பல் வைத்த மெல்லிய தகடு அது. அதைக் கத்தியின் விளிம்பில் செருகிவிட்டால், பற்களினூடே மயிர் மட்டுமே கூரில் சிக்கும், தோல் தப்பித்துக்கொள்ளும்.

முதற்பாடம் முகத்தில் நடக்கவில்லை. தோட்டத்திலிருந்து, மெல்லிய மயிர்போல் சுணை நிறைந்த சாம்பல்பூசணிப் பிஞ்சு ஒன்று வந்தது. பூந்திக்கொட்டை நுரையைத் தடவி, பிஞ்சின் தோல் கீறாமல் சுணையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும் என்றார் சீராளர். மன்னர் கத்தியை நிமிர்த்திப் பிடித்து அழுத்தினார். காப்பின் பற்கள் வரிவரியாகப் பதிந்தனவே தவிர, ஒரு சுணைகூட விழவில்லை.

"அழுத்தாதீர்கள், அரசே. கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அதன் கனத்தை மட்டும் விடுங்கள். நாம் மழிக்கப்போவது பகைவர் கோட்டையை அல்ல, உங்கள் கன்னத்தை," என்றார் அமைச்சர்.

மன்னர் சிரித்துக்கொண்டே பிடியைத் தளர்த்தினார். சில நாட்களில் கை பழகியது. இடக்கையால் தோலை இழுத்துப் பிடிக்கவும், மயிர் சாய்ந்த திசையிலேயே வழிக்கவும் கற்றுக்கொண்டு, பிஞ்சை விட்டுக் கன்னத்துக்கு வந்தார். ஒரு கீறலும் விழவில்லை. அந்தப் பெருமிதத்தில், தம் பிறந்தநாள் பேரவையில் எல்லார் முன்னிலையிலும் சவரம் செய்துகாட்டப்போவதாக அறிவித்துவிட்டார்.

தளபதி மழவராயருக்கு இது பொறுக்கவில்லை. மன்னர் முன்பெல்லாம் காலைப்பொழுதைக் குதிரையேற்றத்தில் அவரோடுதான் கழிப்பார். இப்போது அது அமைச்சருக்குப் போய்விட்டது. பேரவைக்கு முந்திய நாள் மன்னர் முன்னிலையில் தளபதி அந்தக் காப்பைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"குழந்தைக்கு நடைவண்டி, நம் மன்னருக்கு இதுவா? நாளை அண்டை நாட்டுத் தூதர்கள் வருகிறார்கள். குன்றகத்துச் சிங்கம் நகத்துக்கு உறை போட்டுக்கொள்கிறது என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். இதைக் கழற்றிவிடுங்கள், அரசே."

மன்னரின் முகம் சிவந்தது. நாளை காப்பில்லாமலே மழிப்பேன் என்றார். சீராளர் வாய் திறப்பதற்குள் கை உயர்த்தித் தடுத்தார்.

"என் கைமேல் உமக்கு நம்பிக்கை இல்லையா, சீராளரே? இனி அந்தக் காப்பைப் பற்றி நீர் ஒரு சொல் சொன்னாலும், முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்."

சீராளர் வணங்கி விலகினார். மோதிரம் போவதைவிட மன்னரின் கழுத்துதான் அவருக்குக் கவலையாக இருந்தது. கன்னத்தில் பழகிய கை இன்னும் குரல்வளைப் பக்கம் இறங்கவில்லை. காப்பும் இல்லாமல், தூதர்கள் பார்க்க, மன்னர் அங்கே வீரம் காட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லத்தான் வழியில்லை. சொல்லாமலே தடுக்க வேண்டும்.

மறுநாள் பேரவை நிறைந்திருந்தது. கண்ணாடியும் நுரைக்கிண்ணமும் வெறுங்கத்தியும் தட்டில் வந்தன. மன்னர் கத்தியை நோக்கிக் கை நீட்டியபோது சீராளர் எழுந்தார்.

"அரசே, ஒரு முறைமை பாக்கியிருக்கிறது. புதுக்குதிரை வந்தால் உங்களுக்கு முன்னே தளபதியார் ஏறிப் பார்க்கிறார். புதுவில் வந்தால் அவரே நாணேற்றிப் பார்க்கிறார். இந்தக் கத்தி இந்தக் கோலத்தில் இதுவரை உங்கள் கழுத்தைத் தொட்டதில்லை. முறைப்படி இதையும் முதலில் அவர்தானே தொட வேண்டும்?"

மன்னருக்கு அது சரியாகவே பட்டது. தளபதியை அழைத்தார். தமக்கு இப்போது சவரம் தேவைப்படவில்லை என்று மழவராயர் சொல்லிப் பார்த்தார். ஆனால் நாவிதர் ஊரில் இல்லாத சங்கதி அவர் கழுத்திலும் முள்முள்ளாகத் தெரிந்தது. வேறு வழியின்றி உட்கார்ந்தார்.

நுரை தடவியாயிற்று. தம் வாழ்நாளில் சவரக்கத்தியைத் தொட்டறியாத தளபதி, அதைக் குத்துவாள்போல் முஷ்டியில் இறுக்கிப் பிடித்துத் தாடைக்கடியில் கொண்டுபோனார். எச்சில் விழுங்கினார். குரல்வளை ஏறி இறங்கிக் கத்தி விளிம்பை உரசப் பார்த்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டார். மீண்டும் வைத்தார், மீண்டும் எடுத்தார். கத்தி நடுங்குவது கடைசி வரிசைவரை தெரிந்தது. மன்னர் சிரிக்கவில்லை. அவர் கை தம்மையறியாமல் தம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

மழவராயர் அமைச்சர் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், "அமைச்சரே, அந்தக் காப்பு எங்கே இருக்கிறது?" என்றார்.

"அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை, தளபதியாரே. மன்னரைக் கேளுங்கள்."

அத்தனை தூதர்களும் காது கொடுத்திருக்க, தளபதி எழுந்து மன்னரிடம் காப்பைக் கேட்டார். அவையில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

"காப்பைக் கழற்றச் சொன்னவரும் நீரே, கேட்பவரும் நீரே," என்றார் மன்னர். "கத்தி உம் கழுத்துக்கு வந்த பிறகுதான் எனக்கும் ஒரு கழுத்து இருப்பது உமக்குத் தெரிந்ததோ?"

மழவராயர் தலை குனிந்தார். இனிக் காலைதோறும் மன்னர் மழித்துக்கொள்ளும்போது கண்ணாடி பிடிப்பது அவர் பொறுப்பு என்று ஆணை பிறந்தது. பிறகு மன்னர் காப்பைத் தம் கையாலேயே கத்தியில் செருகி, நிதானமாகக் கன்னங்களை மழித்து முடித்தார். சொட்டு இரத்தமில்லை. தூதர்களில் ஒருவர், அந்தக் காப்பு எங்கே கிடைக்கும் என்று மெல்ல விசாரித்தார்.

மன்னர் தம் முத்துமாலையைச் சீராளருக்கு அணிவித்து, "இப்போது நீர் பேசலாம். இதை நான் எப்போது கழற்றலாம்?" என்று கேட்டார்.

"பார்க்க யாருமே இல்லாதபோதும் கழற்றத் தோன்றினால், அன்றைக்குக் கழற்றலாம், அரசே."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். கதிர்வேழர் அதன்பின் பல்லாண்டு நாடாண்டார். அவர் கன்னத்தில் கீறல் கண்டவர் எவருமில்லை. மழவராயரும் கண்ணாடியை ஆடாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.