எதிர்க் குழு

தவமணி அம்மாளின் தியானக் கூடத்துக்கு இருளப்பன் பல வருடங்களாக வருகிறவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மாளைவிட வயதில் மூத்தவர். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். சாப்பிட்டு வந்த மருந்து கேட்காமல் போகவே, ஒரு புது மருந்தின் ஆய்வில் சேரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“சேரட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள் அம்மா.”

அம்மாள் மறுநாள் அவரோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

“இது இவரைக் குணமாக்குமா?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

“தெரியாதும்மா. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு.”

“புது மருந்து இவருக்குக் கிடைக்குமா?”

“இரண்டு குழு. ஒன்றுக்குப் புது மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க இருக்கிற எதிர்க் குழுவுக்கு, இந்தக் கட்டத்தில் வழக்கமாக ஏற்றுகிற மருந்து. யார் எதில் என்பதைக் கம்ப்யூட்டர்தான் பிரிக்கும்.”

“நீங்கள் பிரித்தால் என்ன?”

“தெம்பாக இருப்பவர்களுக்கே புதுசைக் கொடுத்துவிடுவேன். பிறகு தேறினால், அது மருந்தாலா, உடம்பாலா என்று தெரியாது.”

“கெடுதல்?”

“வாந்தி, காய்ச்சல் வரலாம். எங்களுக்கே இன்னும் தெரியாததும் வரலாம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அதனால் இவருடைய வைத்தியம் நிற்காது.”

வெளியே வந்ததும் இருளப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன்.”

“கண்ணை மூட வேண்டாம் என்றுதானே அவர் இவ்வளவு நேரம் பேசினார்.”

இருளப்பன் பிறகு எழுந்து, தனியாக உள்ளே போனார். அவருக்கென்று சில கேள்விகள் இருந்தன. மகளிடமும் பேசிவிட்டு, அந்த வாரக் கடைசியில் ஆய்வில் சேர்ந்தார்.

அடுத்த முறை கூடத்துக்கு வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

“புதுசு எனக்கு விழவில்லை அம்மா. வழக்கமான மருந்துதான்.”

“வருத்தமா?”

“இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள், அவ்வளவுதானே நான்?”

“இப்போது ஏறுகிற மருந்தும் ஒரு காலத்தில் புதுசுதான். அன்றைக்கு அது கிடைக்காமல், எதிர்க் குழுவில் உட்கார்ந்திருந்தவர் யாரென்று தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“அவருக்கும் உங்களைத் தெரியாது.”